பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு ஒரு ஜாடி மாவடு

எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி உடைந்த அன்றைக்கே என் மனைவியின் வலது மணிக்கட்டும் உடைந்தது. இரண்டில் எதற்காக அவள் அழுதாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரணிலிருந்து ஜாடியை இறக்கும்போது ஸ்டூல் ஆடியது. ஜாடி முன்பக்கம் போனது, அவள் பின்பக்கம் போனாள். நான் ஓடிப்போய்த் தூக்கினால், தரையெங்கும் சிதறிக் கிடந்த பீங்கான் சில்லுகளைப் பார்த்து, "பூட்சே, ஜாடி பூட்சே" என்று மாரில் அடித்துக்கொள்ளப் போனாள். கை எழும்பவில்லை. அப்போதுதான் கையும் போய்விட்டது தெரிந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டார்.

"ஈஸ்டர் வரைக்கும் இந்தக் கையால ஒரு டம்ளர்கூடத் தூக்கக்கூடாதும்மா."

"அப்ப மாவடு, டாக்டர்?"

"தாராளமா சாப்பிடலாம்மா. எலும்புக்கு ஒண்ணும் பண்ணாது."

வெளியே வந்ததும் என்னிடம் பொரிந்தாள். "படிச்ச ஆளு மாதிரியா பேசறாரு? துன்றதுக்கு இவராண்ட பர்மிசன் கேட்டனா நானு?"

அவள் கேட்டது போடுவதைப் பற்றி. தவக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கடைத்தெருவில் மாவடு வரத் தொடங்கும் காலமும் அதுதான். அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளியன்று காலையில் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம் முடிந்ததும் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிக் கஞ்சி குடிப்பார்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி. தொட்டுக்கொள்ளத் துவையலும், அந்த வருடத்து மாவடுவும். அந்த மாவடுவைக் கஞ்சிக்கு முன்னால் யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. ஜாடியைத் திறப்பதே அன்றைக்குத்தான். எந்த வீட்டு ஜாடி திறக்கப்படுகிறதோ அந்த வீட்டில்தான் கஞ்சி.

முறைப்படி அது ராயபுரத்தில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டில் நடக்க வேண்டியது. எனக்கு அவர் அண்ணி முறை, வீட்டுக்கும் அவர்தான் மூத்தவர். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் ராயபுரத்திலேயே, கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வருடம் அண்ணியின் மாவடு கொழகொழவென்று குழைந்துவிட்டது. அந்த வருடம் கஞ்சி திருவொற்றியூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தது வந்ததுதான், திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அண்ணி எங்கள் மாவடுவில் ஒன்றைக் கடித்து, "பரவால்ல, துன்னலாம்" என்பார். அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

நாங்கள் ஆட்டோவில் ஏறுவதற்குள் அண்ணியின் போன் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டாள் மனைவி.

"இன்னாடி, கை ஒட்ஞ்சி பூட்சாமே?"

"ஒண்ணுமில்லக்கா, லேசா."

"லேசா இன்னாடி லேசா, மாவுக்கட்டு போட்டுக்கினு. நீ கம்முனு ரெஸ்ட் எடு. இந்த வருசம் கஞ்சி நம்ம வூட்ல வச்சிக்கலாம். மாவடு நான் போட்டுர்றேன். அந்த லாரிங்கள தாண்டிக்கினு திருவொத்தியூரு வர்றதுக்குள்ள எல்லாருக்கும் பேஜாரா கீது, பாவம்."

"மாவடு போட்டாச்சிக்கா."

"கை ஒட்ஞ்சவ எப்டி போட்ட?"

"உங்க மாப்ள போடறாரு."

மறுமுனையில் ஒரு சிரிப்புக் கேட்டது. ராயபுரத்திலிருந்து ரயில் ஏறாமலே திருவொற்றியூருக்கு வந்துசேரும் சிரிப்பு. மனைவி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"யோவ் ஆபீஸரே. நீ மாவடு போடற. கஞ்சி இந்த வூட்ட வுட்டுப் போச்சின்னா நான் செத்தாலும் அந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்."

நான் துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தச் சரக்கை எப்படி இறக்க வேண்டும், எதன் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது, எதை யார் முன்னிலையில் திறக்க வேண்டும், திறந்ததை எப்படி மூடி முத்திரை வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு அறிவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் பங்குக் கோயில் நிர்வாகக் குழுவிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகிறார்கள். ஆக, மாவடு என்பது எனக்கு ஒரு பொறுப்பு மட்டுமல்ல, ஒரு மறுவாழ்வு. ஒரு காயை உப்பில் போடுவதில் அப்படி என்ன நடைமுறை இருந்துவிடப்போகிறது?

மனைவி அவ்வளவு சுலபமாக மாவடுவில் கைவைக்க விடவில்லை. முதலில் சட்னியில் தேறிக் காட்ட வேண்டும் என்றாள். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு, மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேல்தளத்திலிருந்து கப்பலை நடத்தும் கேப்டன் மாதிரி உட்கார்ந்தாள்.

"தேங்கா சட்னி. அரை."

"எவ்ளோ நேரம்?"

"பதமா வர்ற வரைக்கும்."

"பதம்னா? நைஸா, கொரகொரப்பா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுலன்னா எந்தப் பக்கம் ஒட்டி?"

"அய்ய, மிக்ஸி சத்தம் மாறும்யா. காது இல்ல உனுக்கு?"

அன்றைய சட்னி தேங்காய்ப்பாலாகிவிட்டது. இட்லி அதில் மிதந்தது. மறுநாள் காரச் சட்னி. மிளகாயை வறுக்கச் சொன்னாள், வறுத்தேன். எங்கள் வீட்டில் ஆரம்பித்த தும்மல் மாடி வீடு வரை போயிற்று. அதற்கடுத்து வேர்க்கடலைச் சட்னி. கடலையின் தோலை நீக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் நீக்கவில்லை. பருப்புத் துவையலில்தான் முதன்முதலாக எனக்குப் பிடி கிடைத்தது. துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாயும் பூண்டும் கல்லுப்பும் வைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்கும்போது மிக்ஸியின் சத்தம் நிஜமாகவே மாறியது. கிறீச்சென்று இருந்தது கனத்து, கரகரத்து, ஏதோ முணுமுணுக்கத் தொடங்கியது. நான் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் இடது கை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ம்."

துறைமுகத்தில் பதவி உயர்வு வந்தபோதுகூட நான் அப்படித் துள்ளியதில்லை. அந்த வாரம் முழுவதும் துவையல்தான். கத்தரிக்காயைச் சுட்டேன், பீர்க்கங்காய்த் தோலை வதக்கினேன், காசிமேட்டிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டைக்கூட வறுத்து அரைத்துப் பார்த்தேன். தவக்காலத்தில் மாமிசம் கூடாது, மீன் கூடும். அப்படித் தீர்ப்புச் சொன்ன பெரியவர் கட்டாயம் ஒரு கடற்கரை ஊர்க்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பிறகு மாவடு வாங்கப் போனோம். வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் ஓர் அம்மா கூடையில் குவித்து வைத்திருந்தார். காம்போடு இருக்க வேண்டும், காற்றில் உதிர்ந்ததாக இருக்கக்கூடாது, அடிபட்ட இடம் கறுத்திருக்கக்கூடாது. ஒரு சரக்கைப் பரிசோதிக்கும் முறை எனக்குத் தெரியுமாதலால், ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, தட்டி, ஒதுக்கினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தியா?"

"அடிபட்டது இருந்தா மொத்தமும் கெட்டுடும்மா."

"நீ தட்ற தட்டுல எல்லாமே அடிபட்டுடும். யம்மா, இவர கூட்டிக்கினு போய் ஒரு டீ வாங்கிக் குடு. நான் பொறுக்கி வைக்கிறேன்."

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கம்முனு வா. அந்தம்மா பொறுக்கறதத்தான் நான் வருசா வருசம் வாங்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு காயாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவினேன். மின்னும் பச்சையில், காம்பு நீட்டிக்கொண்டு, வரிசையாகக் கிடந்தன. அவ்வளவு அழகான சரக்கை நான் எந்தக் கப்பலிலும் பார்த்ததில்லை. அடுத்தது உப்பு. அங்கேதான் ஒரு சிக்கல். அவளுடைய அளவு கைப்பிடி, அதுவும் வலது கைப்பிடி. அந்தக் கை மாவுக்கட்டுக்குள் இருந்தது.

"இடது கையால அள்ளு."

"இது சின்னது. இதுக்கு ஒண்ணுந் தெரியாது."

"அப்ப என் கையால அள்றேன்."

என் கையைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என் கையை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை அதன் பக்கத்தில் வைத்து அளந்தாள்.

"உன்னுது பெருசு. சுண்டு விரல மடக்கு. இன்னங் கொஞ்சம். ஆங், அப்டியே அள்ளு."

சுண்டு விரலை மடக்கிக்கொண்டு கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டேன். போடும்போதெல்லாம் அவள் உதடு அசைந்தது, ஜெபமா கணக்கா என்று தெரியவில்லை. கடைசிக் கைப்பிடியில் பாதியைத் திருப்பிப் போடச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "உன் மூஞ்சிய பாத்தா ஜாஸ்தியா போட்டா மாதிரி கீது" என்றாள். உலகத்தில் எந்த அலுவலகமும் இதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளாது.

இப்போது எதில் போடுவது? பழைய ஜாடி குப்பைக்குப் போய்விட்டது. நான் பர்மா பஜாரில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வாங்கி வந்தேன். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், பக்கத்தில் இரும்புக் கொக்கி. இழுத்து மாட்டினால் காற்றுகூட நுழையாது. என்ன ஒரு வேலைப்பாடு! மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"மாவடுக்கு மூடி போடக்கூடாது. துணிதான் கட்டணும்."

அப்படியே செய்தோம். பழைய வேட்டியைக் கிழித்து வாயைக் கட்டினோம். ஆனால் எங்கள் வீடு எண்ணூர்ப் பக்கம் போகும் பெரிய சாலையிலிருந்து ஒரு தெரு தள்ளி இருக்கிறது. இங்கே காற்றுக்கு நிறம் உண்டு. வடக்கேயிருந்து வீசினால் கறுப்பு, சாலைப் பக்கமிருந்து வீசினால் காவி. காலையில் ஜன்னல் கம்பியில் ஒரு விரலை இழுத்துப் பார்த்து, துணி காயப்போடலாமா வேண்டாமா என்று என் மனைவி முடிவு செய்வாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வடக்குக் காற்று அடித்தது. ஜாடி வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணி விபூதிப் புதனன்று சாம்பல் பூசிய நெற்றி மாதிரி ஆகியிருந்தது. பழைய பீங்கான் ஜாடி மாவடு போட்டபின் பரணுக்கு அடியில் இருட்டு மூலையில் இருக்கும், இது அவளுடைய கண்ணுக்கு எதிரே, அவள் உட்கார்ந்தே மேற்பார்வை பார்ப்பதற்காக ஜன்னலோரம் இருந்தது. அவள் அந்தத் துணியை முகர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"சரி, மூடியே போட்டுத் தொல. எங்கக்கா வாயில கரி மாட்டிச்சின்னா ராயபுரம் பூரா சொல்லுவா."

வேறு எந்த ஊர்க்காரரும் இந்த முடிவை எடுக்கமாட்டார். மதுரையிலும் தஞ்சாவூரிலும் துணி கட்டிவிட்டுக் காற்றாட வைக்கிறார்கள், அவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது. நாங்கள் இருவரும் கலந்து பேசி, ஒருமனதாக, மூடியை மாட்டிக் கொக்கியை இழுத்துப் பூட்டினோம். கப்பலில் கிடங்கை மூடும்போது ஏற்படும் நிம்மதி எனக்கு ஏற்பட்டது.

தினமும் குலுக்க வேண்டும். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். ஜாடியைக் குழந்தை மாதிரி தூக்கிச் சாய்த்துச் சாய்த்துக் குலுக்கினேன். உப்பு கரைந்து நீர் விட்டது. காய்கள் மெல்லச் சுருங்கின. பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வாக்கில் எனக்கும் அவற்றுக்கும் முகஜாடை வந்துவிட்டது. அன்று மூடியைத் திறந்து, கடுகையும் காய்ந்த மிளகாயையும் மஞ்சளையும் அந்த உப்பு நீரிலேயே அரைத்துக் கலக்க வேண்டும். திறந்தபோது லேசாகப் 'புஸ்' என்றது. உயர்ந்த ரகப் பொருள்களெல்லாம் திறக்கும்போது அப்படித்தான் ஒலிக்கும் என்று நான் விளக்கினேன். கடுகை அரைத்துக் கலந்து, பழையபடி பூட்டினேன். அவள் மணம் மட்டும் பிடித்துவிட்டு, நாக்கில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் குமிழிகள் வந்தன. கண்ணாடி ஜாடி என்பதால் தெரிந்தது. அடியிலிருந்து சின்னச் சின்னதாகக் கிளம்பி, காய்களைச் சுற்றி நெளிந்து, மேலே போய் நுரைத்தன.

"இன்னாமே இது, கொதிக்குது?"

"மூச்சு வுடுது. நல்லதுதான்."

அந்த மூச்சு எங்கே போகும் என்று இருவருமே யோசிக்கவில்லை. பங்குனி வெயிலில், ஜன்னலோரத்தில், அது மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. நானும் வேளை தவறாமல் குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் ஆட்களுக்கு அன்று சில சட்டங்கள் உண்டு. பாட்டு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, சத்தமாகப் பேசக்கூடாது, சிரிக்கவே கூடாது. பொய் என்றைக்குமே கூடாதுதான், ஆனால் அன்றைக்குச் சொல்லும் பொய்க்குத் தனிக் கணக்கு என்று என் மாமியார் சொல்லி வளர்த்திருந்தார். எல்லோரும் வெள்ளை உடுத்திச் சிலுவைப் பாதை முடித்து, வெயிலில் வாடி, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணி கடைசியாக வந்தார். ராயபுரத்திலிருந்து ஆட்டோவில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மடியில் துண்டு சுற்றிய ஒரு ஜாடியுடன். பின்னால் என் சகலை. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு நாலைந்து வாக்கியம் பேசுவார்.

"இன்னாக்கா அது?" என்றாள் மனைவி, தெரியாத மாதிரி.

"இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்டி. உன்னுது சரியா வரலேன்னா ஜனங்க வெறுங்கஞ்சியா குடிக்கும்? அந்த ஓரமா வைய்யி. எல்லாரையும் அடுத்த வருசம் நம்ம வூட்டுக்கு வரச் சொல்லிக் கீறேன், கை ஒட்ஞ்சவள எதுக்குச் சிரமப்படுத்தணும்."

மேசைமேல் இரண்டு ஜாடிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. நான் காய்ச்சிய கஞ்சி, நான் அரைத்த பருப்புத் துவையல், நான் அரைத்த தேங்காய்த் துவையல். யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜாடியைப் பார்த்தார்கள். கஞ்சிக் கிண்ணங்கள் நிரம்பின, ஜெபம் முடிந்தது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. என் மனைவியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தேர்வு முடிவு ஒட்டும் பலகைக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்குக்கூட அப்படி இருக்காது.

"அக்கா, நீயே தொற. மூத்தவ நீ" என்றாள்.

அண்ணி எழுந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். குறை எதுவும் தப்பிவிடக்கூடாது என்று முகத்தை மூடிக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இன்னாடி இது, வெளிநாட்டு ஜாடியா? எப்டித் தொறக்கறது, மாப்ளே?"

"அந்தக் கொக்கிய மேல தூக்குங்க, அண்ணி."

தூக்கினார்.

கோலி சோடாவை உடைக்கும்போது வரும் சத்தத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? மூடி பின்பக்கமாகப் பறந்து படாரென்று அடித்தது. மஞ்சளும் சிவப்புமாக நுரை ஒன்று தூண் மாதிரி எழும்பி, முதலில் அண்ணியின் முகத்தைச் சந்தித்து, அதைத் தாண்டி மின்விசிறிக்குப் போயிற்று. மின்விசிறி தன் கடமையைச் செய்தது. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை வெள்ளைச் சேலைக்கும் அத்தனை வெள்ளைச் சட்டைக்கும் சமமாகப் பரிமாறியது. ஒரு மாவடு றெக்கையில் பட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. இன்னொன்று நேராகச் சகலையின் கஞ்சியில் விழுந்து மூழ்கி, மெல்ல மேலே வந்தது.

அவர் அதைப் பார்த்தார். "வந்துடுச்சி" என்றார். அந்த வருடத்தின் முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

யாரும் சிரிக்கவில்லை. பெரிய வெள்ளி. சிரிக்கக்கூடாது. எல்லோரும் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. யாரோ இருமினார்கள். யாரோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். நான் சுவரில் இருந்த ஆண்டவர் படத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அதன் கண்ணாடியிலும் ஒரு சொட்டு வழிந்துகொண்டிருந்தது.

மனைவி மட்டும் அசையவில்லை. மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அது சிரிப்பு இல்லை. கஞ்சி ராயபுரத்துக்குப் போய்விட்டது என்று அவள் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

அண்ணி அப்படியே நின்றார். மூக்குக்கண்ணாடி முழுக்க மஞ்சள், அதனால் கண் பிழைத்தது. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது. நாக்கு தன்னையறியாமல் வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. ஒரு கணம் ஏதோ யோசித்தார். நாக்கு மறுபடி வந்தது. இந்தத் தரம் தன்னை அறிந்தே வந்தது, மேலுதட்டில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"எப்டிக்கா கீது?"

"இன்னா எப்டி கீது? மூஞ்செல்லாம் எரியுது."

"உப்பு எப்டி கீதுன்னேன்."

"தொடைக்க ஒரு துணி குடுடி மொதல்ல."

"சொல்லிட்டுத் தொட. இன்னிக்கி பெரிய வெள்ளி. பொய் சொல்லாத."

பந்தி முழுவதும் தலை தூக்கியது. அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். அவர் தன் ஜாடியைப் பார்த்தார், பிறகு தங்கையின் கையைப் பார்த்தார். வாய் ஒரு தரம் திறந்து மூடியது. இத்தனை வருடமும் 'பரவால்ல, துன்னலாம்' என்றே சொல்லிப் பழகிய வாய் அது, வேறு வார்த்தைக்கு வழி தேடவேண்டியிருந்தது.

"நல்லா கீது" என்றார்.

"இன்னா?"

"நல்லா கீதுடி! உப்பு ஒரைப்பு எல்லாம் சரியா கீது. கடுகு சுரீர்னு ஏறுது. என்னுத வுட நல்லா கீது, போதுமா? நாளிக்கி கேட்டா நான் சொல்லவே இல்லம்பேன்!"

"நாளிக்கி யாரு கேக்கப்போறா?" என்றாள் என் மனைவி. அதோடு அவளால் முடியவில்லை. முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது, பிறகு மதகு திறந்துவிட்டது. அக்கா தங்கையைப் பார்த்து, "சிரிக்காதடி, பாவம்டி" என்று அதட்டப் போனவர் நடுவிலேயே உடைந்தார். சட்டம் அன்றைக்கு எங்கள் வீட்டில் மூச்சை விட்டது. கஞ்சியைக் குடிக்க முடியாமல் குடித்தோம். சகலை தன் கிண்ணத்தில் கிடைத்ததை நிதானமாகக் கடித்துத் தின்றுவிட்டு, கொட்டையை வைத்துவிட்டு, மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், இன்னொன்று வருமா என்பதுபோல. துண்டு சுற்றிய ஜாடியின் முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை.

மூன்று மணி வழிபாட்டுக்கு நேரமாகிவிட்டது. மாற்ற வேறு வெள்ளைக்கு எங்கே போவது? அப்படியே கிளம்பினோம். கோயிலில் ஒரு பெஞ்சு முழுக்க எங்கள் குடும்பம், ஒரு பெஞ்சு முழுக்க மஞ்சள் புள்ளி, கடுகு வாசனை. முழங்கால் போட்டதும் நிலைமை மோசமாகிவிட்டது. ஒருவர் அடக்கினால் இன்னொருவர் உடைவார், பெஞ்சே நடுங்கும். அண்ணி முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு குலுங்கினார். பக்கத்தில் என் மனைவி மாவுக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது ராயபுரத்து உறவுக்காரப் பெண்மணி ஒருவர் எதிர்ப்பட்டார். உடம்பு சரியில்லாததால் அன்று கஞ்சிக்கு வராதவர்.

"இன்னா இது, எல்லாரும் மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு வந்துகீறீங்க? அக்கா, அடுத்த வருசம் கஞ்சி உன் வூட்லதானாமே?"

அண்ணி தங்கையைப் பார்த்தார். என் மனைவி தெருவைப் பார்த்தாள்.

"யாரு சொன்னது? திருவொத்தியூருதான்" என்றார் அண்ணி. "மாவடு அங்கதான் கீது. மாப்ளதான் போடணும், அவர் கைக்குத்தான் வருது. ஆனா ஒண்ணு, தொறக்கும்போது ஃபேன நிறுத்தணும். நான் வாசலாண்ட நின்னுக்கறேன்."

"நீதான்க்கா தொறக்கணும். மூத்தவ நீ."

"சோமாறி," என்றார் அண்ணி, பெரிய வெள்ளி, கோயில் வாசல், எதையும் பாராமல். பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க நடந்தார்கள். அடுத்த தவக்காலத்துக்குள் என் சுண்டு விரலை எப்படி மடக்கி வைப்பது என்று எனக்கு முன்னால் அவர்கள் விவாதித்துக்கொண்டு போனது சாலை இரைச்சலிலும் நன்றாகவே கேட்டது.